பொருள்: பழைய ஒலிபெருக்கிகள் இரண்டு – விலைக்குத் தகுமா என்பது தொடர்பாக

பொதுமக்களின் குறைகளைக் கேட்பதற்கென்றே அரசு ஏழாம் எண் அறையில் ஓர் அதிகாரியை அமர்த்தியிருந்தது. குறைகளைத் தீர்ப்பதற்கு வேறோர் அறை. அது இன்னும் கட்டப்படவில்லை. ஆகவே அதிகாரி பதினெட்டு வருடமாகக் கேட்டுக்கொண்டே இருந்தார். உள்ளதைச் சொன்னால், கேட்டதைவிடப் பேசியதுதான் அதிகம். தெருவிளக்கு எரியவில்லை என்று வந்தவருக்கு மின்சாரத்தின் வரலாற்றைச் சொல்லி அனுப்புவார். வந்தவர் குறையோடு தலைவலியையும் சேர்த்து வாங்கிக்கொண்டு போவார்.

அந்த வருடம் அலுவலகத்தில் காதுக்குத் திடீர் மரியாதை வந்தது. இயக்குநர் தம் வீட்டில் ஆளுயர ஸ்பீக்கர் இரண்டு வாங்கிவைத்தார். மறுவாரமே துணை இயக்குநருக்குக் காது திறந்துகொண்டது. அதற்கடுத்த வாரம் கண்காணிப்பாளருக்கு. டீ குடிக்கும் நேரத்தில் இடமாற்றம், பதவி உயர்வு எல்லாம் போய், “பாடகி மூச்சு விடறது தனியாக் கேக்குது சார்” என்று ஆகிவிட்டது. அதிகாரி வீட்டில் இருந்ததோ உள்ளங்கையளவு ரேடியோ. வாழ்க்கையில் முதல்முறையாக அவருக்குச் சொல்ல ஒன்றுமில்லை. அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

தம் பழைய ஸ்பீக்கர் பெட்டிகள் இரண்டை விற்கப் பல் டாக்டர் ஒருவர் விளம்பரம் கொடுத்திருந்தார். புதுப் பெட்டி விலையில் நாலில் ஒரு பங்கு. அதுவே அதிகாரியின் ஐந்து மாதச் சம்பளம்.

“ஏன் டாக்டர் விக்கிறீங்க?”

“இதைவிடப் பெருசா வாங்கப்போறேன். பத்து நாள் வீட்ல வச்சுக் கேளுங்க. பிடிச்சா பணம் குடுங்க, பிடிக்கலேன்னா பெட்டியக் குடுங்க.”

நாலு பேர் தூக்கி வந்தார்கள். கூடத்துச் சோபா வெளியே போனது. தபால் அலுவலகத்தில் வேலை முடிந்து வந்த மனைவி வாசலிலேயே நின்றாள்.

“எதுக்குங்க ரெண்டு பீரோ?”

“பீரோ இல்ல. ஒலிபெருக்கி. தகுதி பரிசீலனையில இருக்கு.”

இரண்டு பெட்டிக்கும் சம தூரத்தில் நாற்காலி போட்டு, சுற்றிச் சாக்பீஸில் கோடு கிழித்தார். கேட்பவர் பேசக்கூடாது, அசையக்கூடாது என்று பெட்டியோடு வந்த கையேட்டில் இருந்தது. மாலை ஆறு முதல் எட்டு வரை அப்படியே உட்கார்ந்தார். பிறகு கோப்பில் எழுதினார். முதல் நாள்: ‘நன்று.’ இரண்டாம் நாள்: ‘மேலும் நன்று. எதைவிட என்பது ஆராயப்படும்.’

நாலாம் நாள் துள்ளி எழுந்தார்.

“இங்க வா! பாட்டுக்குப் பின்னால டொக், டொக்னு ஒரு தாளம். கேக்குதா?”

“கேக்குது.”

“ரேடியோவுல இது கேட்டிருக்கியா?”

“ரேடியோவை நிறுத்தினாலும் கேக்குங்க. அடுப்படிக் குழாய் சொட்டுது. மூணு மாசமா சொல்லிட்டிருக்கேன்.”

அதிகாரி பாட்டை நிறுத்தினார். டொக், டொக் நிற்கவில்லை. கோப்பில் அன்றைய பக்கத்தைக் கிழித்தார்.

ஆறாம் நாள் இயக்குநர் வீட்டுக்கே நேரில் ஆய்வுக்கு வந்தார். நாற்காலியில் அமர்ந்தார், கண்ணை மூடினார், சட்டென்று விரலை உயர்த்தினார்.

“அந்தத் தாளத்தைக் கேட்டீங்களா? டொக், டொக்... அடடா! என் பெட்டியிலகூட இவ்வளவு தெளிவா வராது.”

மனைவி வாயைத் திறப்பதற்குள் அதிகாரி முந்திக்கொண்டார். “உங்க காதுக்குத்தான் சார் அது எட்டும்.”

இயக்குநர் தெரு தாண்டியதும் அதிகாரி குழாய்க்காரருக்குப் போன் போட்டார்.

பத்தாம் நாள் மாலை ஸ்பீக்கரில் ஒரு பாட்டு, ரேடியோவில் ஒரு பாட்டு என்று மாற்றி மாற்றிக் கேட்டார். ஒன்று சத்தமாக இருந்தது, மற்றது சத்தம் குறைவாக இருந்தது. அதற்கு மேல் அவர் காதுக்கு எதுவும் எட்டவில்லை. தன்னை நினைத்தே சிரிப்பு வந்தது.

“எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியல. எல்லாம் சும்மா பந்தா. நாளைக்குத் திருப்பிக் குடுத்துடறேன்” என்றார்.

“குடுக்காதீங்க. பாதி விலை நான் போடறேன்” என்றாள் மனைவி.

“உனக்கு வித்தியாசம் தெரியுதா?”

“நல்லாவே தெரியுது. பத்து நாளா ஆறுலேர்ந்து எட்டு வரைக்கும் நீங்க வாயத் திறக்கல.”

“அவ்வளவா பேசறேன் நான்?”

“அதுக்கு நான் பதில் சொன்னா, நீங்க பேச ஆரம்பிச்சுடுவீங்க.”

அப்போது போன் அடித்தது. மனைவி எடுத்தாள். பல் டாக்டரின் மனைவி.

“அம்மா, அந்தப் பெட்டிகளைத் திருப்பிக் குடுத்துடுங்கம்மா. என்னைக் கேக்காம வித்துட்டாரு. நாள் பூரா வாயப் பிளந்து படுத்திருக்கறவங்ககிட்டயே பேசிப் பழகினவரு. பெட்டி போனதுலேர்ந்து வீட்லயும் விடாம பேசறாரு.”

“உங்க கஷ்டம் புரியுதுங்க. இங்கயும் அதே கதைதான்.”

“சொன்ன விலைக்கு மேல நானே தரேன்.”

“அதுக்கு மேல நான் தரேன்.”

ஏலம் ஏறியது. புதுப் பெட்டியின் விலையைத் தாண்டிப் போனபோது அதிகாரி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். தன் வாய்க்கு இவ்வளவு மதிப்பு இருப்பது அதுவரை அவருக்குத் தெரியாது. கடைசியில் பெண்கள் இருவரும் சமாதானமாகப் போனார்கள்: டாக்டர் சொன்ன விலையில் பாதிக்கு ஒரு பெட்டி இங்கே, மற்றது டாக்டர் வீட்டுக்கு.

“ஒத்தப் பெட்டியில இசை முழுசா வராதே!” என்றார் அதிகாரி.

“வரலேன்னு நீங்க கண்டுபிடிக்கவா போறீங்க?”



ஒற்றைப் பெட்டியில் கேட்பதுதான் உயர்ந்த ரசனை என்று அவர் அலுவலகத்தில் சொல்லிவைத்தார். வேறென்ன சொல்வது? துணை இயக்குநர் அதை முன்பே உணர்ந்திருந்ததாகச் சொன்னார். அடுத்த மாதம் இயக்குநரே தம் பெட்டிகளில் ஒன்றை விற்க விளம்பரம் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு பேர் வாங்க வந்தார்கள். பதினோரு பேரும் அலுவலக ஊழியர்களின் மனைவிமார். ஒருவர்கூட அதைப் போட்டுக் காட்டச் சொல்லவில்லை.

எல்லோரும் வெறுங்கையோடுதான் திரும்பினார்கள். இயக்குநரின் மனைவி வாசல் கதவைப் பூட்டிக்கொண்டு, பெட்டி விற்பனைக்கு இல்லை என்று சொல்லிவிட்டார்.