பிஸ்கு இல்லாத தேத்தண்ணி

ஊவா மாகாணத்தில் நாங்கள் எல்லாரும் சேர்ந்து பறித்த கொழுந்தைவிட, சுர்ரண்ணன் ஒருத்தர் குறை சொன்ன தேத்தண்ணி அதிகம். இதை நான் கூட்டிச் சொல்லவில்லை. கொஞ்சம் குறைத்துத்தான் சொல்கிறேன்.

அவருடைய சொந்தப் பெயர் எங்கள் தோட்டத்தில் பாதிப் பேருக்குத் தெரியாது. போன ஐப்பசி மழையில் அவர் போய்ச் சேர்ந்தார். கடைத்தெருவில் ஒட்டிய மரண அறிவித்தலைப் பார்த்து, "இது யாருப்பா? நம்ம லயத்துல இப்பிடி ஒருத்தர் இருந்தாரா?" என்று கேட்டவர்கள் உண்டு. கீழே யாரோ பேனாவால் 'சுர்ரு' என்று எழுதிய பிறகுதான் கூட்டம் வந்தது.

ஸ்பிரிங்வெளிக்கு மேலே எங்கள் தோட்டம். தேயிலை ஆலையை நாங்கள் ஸ்டோர் என்போம். அந்த ஸ்டோரில் தேத்தண்ணி ருசி பார்க்க ஓர் அறை இருந்தது. மேசையில் வெள்ளைக் கோப்பைகளை வரிசையாக வைத்திருப்பார்கள். தோட்டத்து மேனேஜர் துரை ஒவ்வொன்றிலும் ஒரு கரண்டி எடுத்து 'சுர்ர்ர்' என்று உறிஞ்சி, வாய்க்குள் உருட்டி, துப்பிவிட்டு, இங்கிலீசில் ஒரு வார்த்தை சொல்வார். அந்தக் கோப்பைகளைக் கழுவுவதுதான் அண்ணனுக்கு முப்பத்தொரு வருசம் வேலை. கழுவுவதற்கு முன்னால் மிச்சத்தை அவரும் உறிஞ்சிப் பார்ப்பார். எட்டுத் துரைமார் மாறினார்கள், இவருடைய உறிஞ்சல் மாறவில்லை. வேலையிலிருந்து நின்றபோது அவருக்குக் கோப்பை இல்லாமல் போய்விட்டது. ஊரார் கோப்பைகளில் ஆரம்பித்தார்.

அவர் ஒரு தடவை உறிஞ்சினால் தகரக் கூரையில் இருக்கிற காக்கா எழும்பிப் போகும். மேல் லயத்து வரிசை வீட்டில் தொட்டிலில் கிடக்கும் பிள்ளை முழித்துக்கொள்ளும். முதல் வாயைச் சாக்கடைக் கானில் துப்புவார். கண்ணை மூடுவார். அப்புறம் தீர்ப்பு. குறை சொன்ன பிறகு அந்தத் தேத்தண்ணியை ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்து முடிப்பார்.

எங்கள் பழைய கணக்கப்பிள்ளை செத்த வீட்டில் எல்லாரும் தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தோம். தேத்தண்ணி வந்தது. 'சுர்ர்ர்'. அண்ணன் கண்ணைத் திறந்து, "பெரிய மனுசன், நல்ல மனுசன். தேத்தண்ணிதான் அவருக்கு முன்னாடியே செத்துருச்சு" என்றார். மூத்த மகன் சட்டைக் கையை மடித்துக்கொண்டு எழும்பினான். அதற்குள் உள்ளே அழுதுகொண்டிருந்த கணக்கப்பிள்ளையின் சம்சாரம் பக்கென்று சிரித்துவிட்டார். "முப்பது வருசமா அவரும் இதத்தான் சொன்னாரு" என்று சொல்லிவிட்டு, மறுபடி முதலிலிருந்து அழுதார்.

நத்தாருக்கு எங்கள் சின்ன வேதக் கோயிலில் பூசை முடிந்து அண்டாவில் தேத்தண்ணி கொடுப்பார்கள். சாமியார் பக்கத்தில் நிற்கும்போதே அண்ணன் சொன்னார்: "சாமி, புள்ளைக்கு ஞானஸ்நானம் குடுக்கையில தலையில நாலு சொட்டுத் தண்ணி தெளிப்பீங்கள்ல? அந்த மாதிரி தண்ணிக்கு நாலு சொட்டுத் தூளு தெளிச்சிருக்கீங்க." சாமியார் புதியவர். அடுத்த வருசம் ஒரு கிலோ தூள் அவர் காசில் வாங்கிப் போட்டார்.

ஆனால் அவருடைய பேரை ஊவா முழுக்கக் கொண்டுபோனது ஒரே ஒரு வார்த்தை. நாக்கை எழுப்பி உட்கார வைக்கிற நல்ல தேத்தண்ணிக்குத் துரை 'பிரிஸ்க்' என்பாராம். அண்ணன் வாயில் அது 'பிஸ்கு' ஆகிவிட்டது. ஹல்துமுல்லையில் ஒரு கல்யாண வீடு. அண்ணன் உறிஞ்சினார், துப்பினார், கண்ணை மூடினார். "எல்லாம் சரி. பிஸ்கு இல்ல" என்றார்.

பெண்ணைப் பெற்றவர் பதறிப்போனார். "ஐயையோ, மன்னிச்சுக்கங்கண்ணே! அடேய், அண்ணனுக்கு பிஸ்கட்டு வைக்கலையாம்டா! ஓடு!"

ஒரு தட்டு நிறைய பிஸ்கட் வந்தது. அண்ணன் தட்டைப் பார்த்தார். பெண்ணைப் பெற்றவரின் வேர்த்த முகத்தைப் பார்த்தார். ஒன்பது பிஸ்கட் சாப்பிட்டார்.

"இப்ப எப்பிடிங்கண்ணே இருக்கு?"

"இப்ப பரவால்ல."

அன்றிலிருந்து அவரைக் கூப்பிடுகிற வீட்டில் எல்லாம் முதலில் பிஸ்கட் வாங்கி வைத்தார்கள். அர்த்தம் வேறு என்று அவர் யாருக்கும் சொல்லவில்லை. திட்டுவார் என்று தெரிந்தும் கூப்பிட்டார்கள். அவர் வராத விசேஷம் படம் பிடிக்காத விசேஷம் மாதிரி. "சுர்ரு என்ன சொன்னாரு?" என்பதுதான் மறுநாள் கொழுந்து மலையில் பேச்சு.

நான் இருப்பது லயத்தின் கடைசி வீடு. அவர் போய் ஏழு வருசம் ஆகிறது, என் வீட்டுக்காரரைச் சொல்கிறேன். மகன் கட்டாரில், மகள் வத்தளையில். எனக்கு யாரோடும் பேச வராது. நாற்பது வருசம் மலையில் பக்கத்து நிரையில் நின்று கொழுந்து பறித்தவளோடுகூட நான் பேசியது ஒரு கைக்குள் அடங்கும். கூச்சம்தான், வேறொன்றும் இல்லை. வேலையும் நின்ற பிறகு, சில நாள் பொழுது சாயும்போதுதான் காலையிலிருந்து வாயைத் திறக்கவில்லை என்பது ஞாபகம் வரும்.

சுர்ரண்ணன் எங்கள் லயத்தில் நடுவில் தனியாக இருந்தார். கல்யாணம் கட்டவில்லை. நாலு மணிக்கு ஊற்றுப் பீலியில் தண்ணி பிடிக்கப் போகும்போது என் வாசல் இஸ்தோப்புத் திண்ணையில் உட்காருவார். நான் தேத்தண்ணியை வைத்துவிட்டுக் கதவுக்குப் பின்னால் நின்றுகொள்வேன்.

"தங்கச்சி, இது தேத்தண்ணியா, தேத்தண்ணியோட போட்டோவா?"

"தங்கச்சி, இதுக்குக் காய்ச்சல் போல. தொட்டா சுடுது, உள்ள உசுரு இல்ல."

நான் பதில் சொன்னதில்லை. ஆனால் அன்றைக்கு எனக்கென்று ஒருத்தர் பேசியது அதுதான். அதனால் அவர் திட்டை நான் காத்திருந்து வாங்கினேன்.

அப்புறம் அந்தப் பெரிய காய்ச்சல் வந்தது, எல்லாரும் முகத்தை மூடிக்கொண்டு திரிந்த வருசம். அண்ணனையும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். பிழைத்து வந்தார். கொஞ்ச நாள் கழித்து ஒரு நாலு மணிக்கு வந்து உட்கார்ந்தார். 'சுர்ர்ர்'. நான் கதவுக்குப் பின்னால் திட்டுக்குக் காத்திருந்தேன்.

"நல்லா இருக்கு தங்கச்சி" என்றார்.

எனக்குத் திக்கென்றது. இருபது வருசத்தில் அந்த வாயிலிருந்து வராத சொல் அது. மறுநாள் சீனி போட மறந்துவிட்டேன். "நல்லா இருக்கு." மூன்றாம் நாள் வேண்டுமென்றே கொத்தமல்லியை அவித்து வைத்தேன். உறிஞ்சி, கண்ணை மூடி, "ஆ, நல்ல சாயம்!" என்றார்.

நான் கதவுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்துவிட்டேன். என் முகத்தைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. கோப்பையைக் கீழே வைத்தார்.

"ஒண்ணுமே தெரியல தங்கச்சி. வாசமும் இல்ல, ருசியும் இல்ல. வாயில பஞ்ச வச்ச மாதிரி இருக்கு. வெளிய சொல்லிறாதீங்க. இந்த நாக்குக்காகத்தான் என்னைய நாலு வீட்டுல கூப்பிடுறாங்க. அதுவும் போயிருச்சுன்னு தெரிஞ்சா, இந்தக் கெழவனுக்குத் தேத்தண்ணி ஊத்த எவனுக்கு என்ன காரணம் இருக்கு?"

எனக்கு அது நன்றாகத் தெரியும். யாரும் கூப்பிடாத வீட்டில் இருப்பவள் நான். எங்கிருந்து தைரியம் வந்ததோ, "நான் வாரேன் அண்ணே. நான் குடிச்சுப் பாத்துட்டுச் சைகை காட்டுறேன்" என்றேன்.

இப்படித்தான் நான் ஊர் சுற்ற ஆரம்பித்தேன். மூக்கைத் தொட்டால் புகை நாற்றம். காதைத் தொட்டால் கொதித்துக் கெட்டது. முந்தானையை இழுத்தால் பிஸ்கு இல்லை. இவ்வளவுதான் எங்கள் பாஷை. விசேஷ வீட்டில் அண்ணன் ஆண்கள் பக்கம் கோப்பையோடு காத்திருப்பார். நான் பெண்கள் பக்கம் முதல் வாய் குடித்துவிட்டுத் தொடுவேன். அவர் உறிஞ்சிவிட்டுத் தீர்ப்புச் சொல்வார்.

"என்ன, பாக்கியம் இப்ப எல்லா வீட்டுக்கும் கெளம்பிருது?" என்று என்னைப் பற்றி லயத்தில் பேசினார்கள். பேசட்டும் என்று விட்டேன். எனக்கே புதினமாக இருந்தது. அதுவரை எனக்குத் தேத்தண்ணி என்றால் சூடு, அவ்வளவுதான். குளிர் மலையில், பத்து மணிக்கு, போத்தலில் கொண்டுபோன சாயத்தண்ணியை உள்ளங்கைச் சீனியை நக்கிக்கொண்டு குடிப்போம். கை விரல் மடங்கினால் போதும். இப்போது அண்ணனுக்காக வாயில் வைத்து, பொறுத்து, விழுங்கப் பழகினேன். கச்சான் காற்றடிக்கும் மாதத்துத் தூளில் ஒரு பூ வாசம் இருக்கிறது. நான் பறித்த இலைக்கு இப்படி ஒரு வாசம் உண்டென்று எழுபது வயசுக்குக் கிட்டத்தில்தான் எனக்குத் தெரிந்தது.

தப்பும் நடந்தது. ஒரு காதுகுத்து வீட்டில் எனக்குத் தடிமன். மூக்கு ஒழுக, முந்தானையால் துடைத்தேன். அந்தப் பக்கம் அண்ணன் உறிஞ்சிவிட்டு, "பொக! ஒரே பொக!" என்று கத்தினார்.

"கரண்டுக் கேத்தல்லதாங்க போட்டோம். அதுல ஏதுங்க பொக?" என்றான் வீட்டுக்காரன்.

அண்ணன் அசரவில்லை. "கரண்டு எங்கருந்து தம்பி வருது? எங்கயோ எதையோ எரிச்சுத்தானே அனுப்புறாங்க? எனக்கு அங்கருந்தே வாசம் வருது."

அந்த வீட்டில் அவருக்குப் பேர் இன்னும் கூடிவிட்டது. நான் சிரிப்பை அடக்க முடியாமல் கொல்லைப் பக்கம் ஓடினேன். என் சிரிப்புச் சத்தம் எனக்கே யாரோ சிரிக்கிற மாதிரி இருந்தது.

இப்படி ஒன்றரை வருசம். கடைசியில் வெலிமடையில் ஒரு நிச்சயதார்த்தம் வந்தது. உருளைக்கிழங்கு வியாபாரி வீடு. கூட்டமோ கூட்டம். ஆண்களுக்கு முற்றத்துப் பந்தலில் தேத்தண்ணி கொடுத்துவிட்டார்கள். பெண்கள் இருந்த அறைக்கு இன்னும் தட்டு வரவில்லை. ஜன்னல் வழியே பார்க்கிறேன், அண்ணன் கோப்பையைத் தூக்கிவிட்டார். சுற்றி எல்லாரும் பேச்சை நிறுத்தி அவர் வாயையே பார்க்கிறார்கள். என் கையில் கோப்பையே இல்லை. எதைத் தொட? கை இரண்டையும் மடிக்குள் இறுக்கிக்கொண்டேன். இன்றைக்கு இந்த மனுசனுடைய மானம் போகப்போகிறது.

'சுர்ர்ர்'.

"தூளு நல்ல தூளு. உச்சி மலக் கொழுந்து. பால்மாதான் பழசு. டின்னு தொறந்து ரெண்டு மாசம் இருக்கும்."

வீட்டு அம்மா நாக்கைக் கடித்துக்கொண்டு, "எப்பிடிங்க கண்டுபுடிச்சீங்க? புது டின்ன நாளைக்குன்னு எடுத்து வச்சேன்" என்றார். பந்தல் முழுக்கச் சிரிப்பு.

நான் சிரிக்கவில்லை. பழைய பால்மாவுக்கு எங்களிடம் பாஷையே கிடையாது.

பதுளை பஸ்ஸில் அண்ணன் எனக்கு முன் ஸீட்டில் இருந்தார். திரும்பாமலே, "நல்ல வேள தங்கச்சி, நீங்க மூக்கத் தொட்டுக் காட்டுனீங்க. இல்லாட்டி அவ்வளவுதான்" என்றார்.

நான் வெளியே பார்த்தேன். லீக்ஸ் பாத்திகள் ஓடிக்கொண்டிருந்தன. எப்போதிலிருந்து? போன மாதம் மண்ணெண்ணெய்க் கையோடு தூள் அள்ளிப் போட்டேனே, அன்றைக்கு முழுக் கோப்பையையும் குடித்துவிட்டு நல்லா இருக்கு என்றாரே, அப்போதே நாக்கு திரும்பியும் பொறுத்துக்கொண்டாரா? அதற்கும் முன்னாலா? நாக்கு வந்த பிறகும் எதற்காக ஒரு கிழவியை பஸ் ஏற்றி ஊர் ஊராகக் கூட்டிப்போனார்? கேட்டுவிடலாம். கேட்டால் உண்மை வெளியே வரும். வந்தால் அவருக்கு என்னுடைய கை தேவையில்லை. நாளைக்கு நான் மறுபடி கதவுக்குப் பின்னால்.

"ஆமாங்கண்ணே. தொட்டேன்" என்றேன்.

பின்னாலிருந்து பார்த்தேன், அவர் காது சிவந்திருந்தது.

மறுநாள் நாலு மணிக்கு இஸ்தோப்பில் வந்து உட்கார்ந்தார். நான் தேத்தண்ணி கொடுத்துவிட்டு, கதவுக்குப் பின்னால் போகாமல் அங்கேயே நின்றேன். குடித்து முடிக்கும் மட்டும் பொறுத்திருந்தேன்.

"அடுத்து எங்கண்ணே விசேஷம்?"

"இந்த மாசம் ஒண்ணுமே இல்ல போல தங்கச்சி."

"பரவால்லண்ணே. நாளைக்கும் வாங்க" என்றேன்.

"எத்தன மணிக்கு?" என்று கேட்டார் சுர்ரண்ணன், என்னமோ அதுவரை ஒரு நாளாவது நேரம் தப்பி வந்தவர் மாதிரி.