பந்தாட்டக் கிளப்புக்கு விலை பேசப் போன கதை

இதை எழுதிவிட வேண்டும் என்று எத்தனையோ வருஷமாக நோட்டை எடுப்பேன். பிள்ளையார் சுழி போட்டதும் கை நின்றுவிடும், மூடி வைத்துவிடுவேன். (ஒரு நோட்டு முழுக்கப் பிள்ளையார் சுழிதான் இருக்கிறது. அந்தப் புண்ணியமே போதும் என்பாள் என் மனைவி.) இன்றைக்கு முருகன் மேல் பாரத்தைப் போட்டு எழுதுகிறேன்.

நான் ஐந்தாவது வரை படித்தவன். ஜலகண்டாபுரத்துக்குப் பக்கத்தில் கடலைக்காடு. யுத்தத்துக்குச் சில வருஷம் முன்பு, ஊரில் ஒரு நூல் வியாபாரி பந்தாட்டக் கிளப் ஒன்று நடத்திவந்தார். அவர் மதராஸுக்குக் குடிபோவதால் கிளப்பை விற்றுவிடப் போவதாகச் சொன்னார். என் மச்சினன் பழனிச்சாமி அதில் ஆடிக்கொண்டிருந்தான். கிளப் கலைந்தால் பம்பாய் மில்லுக்குப் போய்விடுவேன் என்று அவன் சொன்ன அன்றைக்கே என் மனைவி சாப்பாட்டை விட்டுவிட்டாள். தாயில்லாத பையனை நாலு வயதிலிருந்து வளர்த்தவள் அவள். ஆகவே கிளப்பை நானே வாங்குவது என்று முடிவு செய்தேன். (அதுவரை ஒரு பந்தாட்டத்தையும் நான் முழுதாகப் பார்த்ததில்லை.)

முறைப்படிதான் ஆரம்பித்தேன். வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டிச் சாமி முன் போட்டு ஒன்றை எடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம். பூசாரி எடுத்ததில் வெள்ளை வந்தது, உத்தரவாகிவிட்டது. போஸ்ட் மாஸ்டரைக் கொண்டு ‘மகாராஜராஜஸ்ரீ’ என்று தொடங்கி இரண்டு பக்கத்துக்கு விண்ணப்பம் எழுதிக்கொண்டேன். வளர்பிறை வியாழக்கிழமை நல்ல நேரம் பார்த்து, தேங்காய் பழத் தட்டோடு புறப்பட்டேன். துணைக்கு மாட்டுத் தரகர் சின்னு. கோழிக்கு மேல் பெரிதாக எதையும் அவரில்லாமல் நான் வாங்கியதில்லை.

வியாபாரி விண்ணப்பத்தை இரண்டு தடவை படித்தார். எனக்கு முன்பே இரண்டு பேர் கேட்டுப் போயிருந்தார்களாம்.

“எனக்கு வெல பெரிசில்லீங்க. ஆட்டக்காரங்க உங்கள ஒத்துக்கிட்டா கிளப் உங்களுது. சனிக்கிழமை சாயங்காலம் வந்து நாலு வார்த்தை பேசுங்க” என்றார்.

சனிக்கிழமை மைதானத்தில் பதினோரு பேரும் வரிசையாக நின்றார்கள். நான் நெற்றி நிறையத் திருநீறும் கையில் பழனிப் பஞ்சாமிர்தமுமாகப் போய் நின்றேன். பேச வேண்டிய அந்த நாலு வார்த்தையில் ஒன்றுகூட வாயில் வரவில்லை. சின்னுவைப் பார்த்தேன்.

“எங்கிருந்துங்கண்ணா ஆரம்பிக்கறது?” என்று மெதுவாகக் கேட்டார்.

சந்தையில் எங்கிருந்து ஆரம்பிப்போமோ அங்கிருந்தே ஆரம்பித்தேன். முதலில் நின்றவர் மாரி. கிளப்பிலேயே கெட்டிக்கார ஆட்டக்காரர். “வாயைத் தொற, சாமி” என்றேன். பிரசாதம் ஊட்டப்போகிறேன் என்று நினைத்து அவரும் பக்தியோடு கண்ணை மூடி வாயைத் திறந்தார். நான் உதட்டைத் தூக்கிப் பல்லைப் பார்த்தேன். தொடையைத் தட்டிப் பார்த்தேன். கோல் கம்பம் வரைக்கும் ஒரு நடை நடந்து காட்டச் சொன்னேன். அவரும் நடந்தார். அதற்குள் சின்னு, பேரம் வந்துவிட்டது என்று, வியாபாரியின் கைமேல் துண்டைப் போட்டு உள்ளே விரலைப் பிடித்துவிட்டார். (சந்தையில் விலை வாயால் பேசுவதில்லை, துண்டுக்குள் விரலால் பேசுவது.) வியாபாரி துள்ளிக் கையை உருவிக்கொண்டார். வரிசையில் எல்லாரும் சிரித்துவிட்டார்கள். நானும் சிரித்தேன்.

மாரி திரும்பி வந்தார். வரிசைக்குப் போகாமல் என் முன்னால் நின்றார்.

“எங்கப்பன் வாங்குன கடனுக்குப் பண்ணையிலயே கெடந்து செத்த ஆளுங்க. அவரையும் இப்பிடித்தான் தட்டிப் பாத்து எடுத்தாங்களாம். கிளப்ப நீங்க வாங்கிக்குங்க, சாமி. நான் வெலைக்கில்லீங்க.”

பழனிச்சாமி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். என் கையிலிருந்த பஞ்சாமிர்தத்தை யாருக்கும் கொடுக்காமலே வீட்டுக்கு வந்தேன்.

அடுத்த வாரம் வியாபாரி கிளப்பை அந்தப் பதினோரு பேருக்கே சும்மா எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். பழனிச்சாமி பம்பாய்க்குப் போகவில்லை. பூ சொன்னது பலித்துவிட்டது, என்னை மட்டும் ஒதுக்கி வைத்துவிட்டு. மூன்று மாதம் அவன் எங்கள் வீட்டு வாசலை மிதிக்கவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போய்விட்டு நேரே மைதானத்துக்குப் போனேன். மாரியிடம் கை கூப்பினேன். அவர் வெகுநேரம் பந்தின் வாரை இறுக்கிக்கொண்டே இருந்தார்.

“மன்னிப்பெல்லாம் அந்தச் சாமிகிட்டக் கேளுங்க. எங்களுக்குப் பாதி ஆட்டத்துல எலுமிச்சம்பழம் அரிஞ்சு குடுக்கத்தான் ஆளில்ல” என்றார்.

முழங்கால் மடங்காமல் போகும்வரை பதினோரு வருஷம் அரிந்து கொடுத்தேன். இன்றைக்கும் எங்கள் வீட்டில் யாராவது நிலம், வண்டி என்று பெரிதாகப் பேச்செடுத்தால், “முதல்ல கத்தியும் எலுமிச்சம்பழமும் எடுத்து வையுங்க” என்று சொல்லி எல்லாரும் சிரிப்பார்கள். முதலில் சிரிப்பவன் பழனிச்சாமிதான்.

ஆனால் அவர்கள் சொல்லும் கதையில் மாரியின் பல்லைப் பார்ப்பவர் சின்னு. என் மேலுள்ள பிரியத்தால் அப்படி மாற்றிவிட்டார்கள். இல்லை என்று சொல்லச் சின்னுவும் இப்போது இல்லை. நானும் இத்தனை காலம் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தேன். அதனால்தான் எழுதக் கை வரவில்லை.

சின்னு துண்டு மட்டும்தான் போட்டார். உதட்டைத் தூக்கியது என் கை. இதைப் படிப்பவர்கள் நாலு பேருக்குச் சொல்லுங்கள், சிரிக்கச் சிரிக்கவே சொல்லுங்கள். அந்த இடத்தில் மட்டும் ஆளை மாற்றாமல் சொல்லுங்கள்.