இடம் மாறிய மச்சம்

அன்பும் பொறுமையும் நிறைந்த மாப்பிள்ளை அவர்களுக்கு, உங்கள் மனைவியின் அண்ணன் எழுதிக்கொள்வது. இங்கு அனைவரும் நலம். அங்கு தாங்களும் தங்கையும் குழந்தையும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். தாங்கள் நலமாக இருப்பது மிகவும் முக்கியம். நேரில் வரும்போது தங்களை நான் ஒரு கை பார்க்க வேண்டியிருக்கிறது.

எங்கள் குழாய்க் கம்பெனியின் புது விளம்பரக் கையேட்டை வடிவமைக்கும் வேலையை, விற்பனைப் பிரிவில் எனக்கு மட்டும்தான் கம்ப்யூட்டரில் இரண்டு கையாலும் தட்டத் தெரியும் என்பதற்காக என் தலையில் கட்டினார்கள். பத்திரிகையில் பக்கம் வடிவமைக்கும் மாப்பிள்ளை இருக்கும்போது என்ன பயம் என்று தங்களுக்குப் போன் செய்தேன். "வெற்றிடம் நிறைய விடுங்க மச்சான். சம்பந்தப்பட்டதைப் பக்கத்துல பக்கத்துல வைங்க. படத்துல முகம் பக்கத்துக்கு உள்ளே பார்க்கணும், வெளியே பார்க்கக் கூடாது" என்றீர்கள். கேட்டேன் பாருங்க, என்னைச் சொல்லணும்.

அட்டையில் நடுவில் ஒரே ஒரு குழாய், சுற்றிலும் வெள்ளை. பெரிய முதலாளி பார்த்துவிட்டு, "மிச்சக் குழாயெல்லாம் எங்கேய்யா, வித்துப்போச்சா?" என்றார். கண்ணுக்கு ஓய்வு சார் என்றேன். "ஓய்வு வேணும்னா வீட்டுக்குப் போய்த் தூங்கட்டும். நீ குழாயைப் போடு!" சின்ன முதலாளியோ எல்லாக் குழாய் மேலும் சிவப்பு நட்சத்திரம் வேணும்னார். இரண்டு பேரும் கூடப் பிறந்தவங்க, ஆனா கட்டடத்துக்கு என்ன பெயின்ட் அடிக்கிறதுன்னு ஆரம்பிச்ச சண்டையில பல வருஷமா பேச்சுவார்த்தை கிடையாது. அடுத்தடுத்த அறையில உட்கார்ந்துகிட்டு "அவன்கிட்ட சொல்லு", "அவர்கிட்ட சொல்லு"ன்னு நடுவில நான்தான் நடந்துகிட்டிருக்கேன். கடைசியில அவங்க ரெண்டு பேர் போட்டோவும் தனித்தனியா வந்தது. அண்ணன் தம்பியைவிடச் சம்பந்தப்பட்டது எது மாப்பிள்ளை? பக்கத்துல பக்கத்துல வெச்சேன். சின்னவர் முகம் பக்கத்துக்கு வெளியே பார்த்தது. நீங்க சொன்னபடி அவர் படத்தை மட்டும் அப்படியே இடம்வலமாப் புரட்டிட்டேன்.

அச்சாகி வந்த பிறகுதான் பார்க்கிறேன், ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துச் சிரிக்கிறாங்க! சின்னவர் கன்னத்து மச்சம் இன்னொரு கன்னத்துக்குப் போயிருக்கு, வகிடும் கூடவே போயிருக்கு. அதுக்குள்ள கையேடு வியாபாரிகள் கூட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தாச்சு. ஒரு மொத்த வியாபாரி எழுந்து, "அண்ணன் தம்பி ராசியாயிட்டீங்கன்னு படத்தைப் பார்த்தே தெரிஞ்சுகிட்டோம், ரொம்ப சந்தோஷம்"னார். அரங்கமே கைதட்டுது. மேடையோட ரெண்டு ஓரத்துல உட்கார்ந்திருந்தவங்களை இழுத்து வந்து கைகுலுக்க வெச்சுட்டாங்க.

மறுநாள் ரெண்டு பேரும் ஒரே நேரத்துல என் அறைக்குள்ள நுழையப் பார்த்து வாசல்ல முட்டிக்கிட்டாங்க. "என் மச்சத்தை எவன்யா இடம் மாத்தினது?"ன்னு சின்னவர் கத்தினார். பெரியவர் படத்தைப் பார்த்தார், தம்பி முகத்தைப் பார்த்தார். "ஏன்டா, உனக்கு நிஜமாவே எந்தப் பக்கம்?" "அண்ணே, கூடப் பொறந்தவன் மச்சம்கூடவா மறந்துபோச்சு?" அப்புறம் ரெண்டு பேருமாச் சேர்ந்து என்னைத் திட்ட ஆரம்பிச்சாங்க. ஒருத்தருக்கு மூச்சு வாங்கினா அவர் விட்ட இடத்துலேர்ந்து இன்னொருத்தர். அவ்வளவு ஒற்றுமை. இனி இந்தக் கம்பெனியில ஒரு காகிதத்தையும் நான் தொடக் கூடாதாம். எனக்கும் அதுதான் நிம்மதி. இனி வடிவமைப்பு என்ற வார்த்தையைத் தாங்கள் என்னிடம் எடுக்கவே வேண்டாம்.

தங்கைக்கு என் ஆசிகள். குழந்தைக்கு முத்தங்கள். தங்களுக்கு இப்போதைக்கு ஒன்றும் இல்லை.

இப்படிக்கு,
தங்கள் பேச்சைக் கேட்ட மச்சான்.

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் ரெண்டு முதலாளிகளும் மறுபடி வந்துட்டாங்க. பெரியவர் மகளுக்குக் கல்யாணமாம். அழைப்பிதழை நான்தான் செய்யணுமாம், வேற யார்கிட்டயும் கொடுக்க மாட்டாங்களாம். தம்பி பேரும் தன் பேர் அளவுக்கே இருக்கணும்னு பெரியவர் சொல்றார். அண்ணன் பேர்தான் பெரிசா இருக்கணும்னு சின்னவர் அடம்பிடிக்கிறார். என் மேஜை முன்னாடியே நின்னு சண்டை போட்டுக்கிட்டிருக்காங்க. மேலே எழுதினது எதையும் படிக்காம உடனே போன் பண்ணுங்க மாப்பிள்ளை!