விராலிச் செடிகள் பட்டுப்போனது தொடர்பாக

பழங்காநத்தம், மதுரை.

பெருமதிப்பிற்குரிய மாப்பிள்ளை ஜூடு அவர்களுக்கு,

உங்கள் அக்காள் கணவர் கிறிஸ்துராஜ் எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையால் நான் இங்கு நலமாக இருப்பதாகவே அக்கம்பக்கத்தார் சொல்கிறார்கள். வாடிப்பட்டியில் நீங்களும், தங்கச்சி ஐரினும், மகள் ஜெனிஷாவும், தற்சமயம் உங்கள் வீட்டில் தங்கியிருக்கும் என் மனைவி ஆனிமேரியும் நலமாக இருக்க வேண்டுகிறேன். போனிலேயே பேசியிருக்கலாம். ஆனால் அவள் எடுத்துவிட்டால் என்ன பேசுவதென்று தெரியவில்லை. ஆகவே, பள்ளிக்கூட அலுவலகத்தில் எழுத்தராக இருந்து பழகிப்போன வழியில், எழுத்துமூலமாகத் தெரிவித்துக்கொள்கிறேன்.

உங்கள் அக்கா என்ன சொன்னாளோ தெரியாது, நடந்தது இதுதான். போன கோடையில் எங்கள் போர் வற்றி, லாரித் தண்ணீர் வாங்கிக்கொண்டிருந்தோம். அதிலும் ஆனிமேரி அரிசி கழுவிய தண்ணீர், துணி அலசிய தண்ணீர் என்று சேர்த்துவைத்து, வாசலில் நின்ற தன் பன்னீர் ரோஜாக்களுக்கு ஊற்றிக்கொண்டிருந்தாள். சனிக்கிழமை தவறாமல் கோயிலில் மாதா சொரூபம் நிற்கும் கெபிக்கு அந்தப் பூதான் போகும். அந்தச் சமயத்தில் எங்கள் பங்குக் கோயிலில் ஒரு கூட்டம் போட்டார்கள். அசோக்குமார் என்று ஒரு தாவரவியல் பேராசிரியர் வந்து, மலைச்சரிவில் தானாக வளரும் விராலியைப் பற்றிப் பேசினார். வருசம் முழுக்கப் பச்சையாக நிற்கும், ஆடு கடிக்காது, வேர் பிடித்துவிட்டால் தண்ணீர் கேட்காது, வெயிலில் அதைச் சாகடிக்கவே முடியாது என்றார். கேட்டதும் எனக்கு அந்தச் செடி மேல் ஒரு மரியாதை வந்துவிட்டது. பங்குப் பெண்களோடு ஆனிமேரி வேளாங்கண்ணிக்குப் போயிருந்த நேரம் பார்த்து, ரோஜாக்களைப் பிடுங்கிப்போட்டுவிட்டு, சுவரோரம் முழுக்க விராலிக் கன்றுகளை நட்டேன். இன்ப அதிர்ச்சியாக இருக்கட்டும் என்றுதான் முன்கூட்டிச் சொல்லவில்லை. அதில் அதிர்ச்சி மட்டும் நடந்தது.

திரும்பி வந்தவள் கையில் பையோடு கேட்டுக்கு உள்ளேயே நின்றுவிட்டாள்.

"இங்க இருந்ததெல்லாம் எங்க?"

"இது விராலி. தண்ணியே கேக்காது."

"பூக்குமா?"

"பூக்கும். ஆனா பெருசா கண்ணுக்குத் தெரியாது."

அவள் செடியையும் என்னையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். "உங்களுக்கு ஏத்த செடிதான்," என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். நான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். சனிக்கிழமை மாதாவுக்குக் கடைப்பூ வாங்கி வைத்துவிட்டு வந்து, "எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல? நானே ரெண்டு செடியக் குறைச்சிருப்பேன்," என்றாள். அவள் கத்தியிருந்தால் எனக்குப் பழக்கம், பதிலுக்கு நானும் ஏதாவது சொல்லியிருப்பேன். அவள் கத்தவில்லை. மறுநாள் பூசை முடிந்ததும் வாடிப்பட்டிக்கு பஸ் ஏறிவிட்டாள்.

மாப்ள, அதற்குப் பிறகு வீட்டில் சத்தம் என்பதே இல்லை. காலையில் எழுந்து காப்பி என்ற பெயரில் ஒன்றைப் போட்டுக் குடித்துவிட்டு வாசலுக்கு வந்தால், அந்தச் செடிகள் என்னிடம் ஒன்றும் கேட்காமல் பச்சையாக நிற்கும். தண்ணீரைக் கேட்காது, உரத்தைக் கேட்காது, ஆடு வந்து மோந்து பார்த்துவிட்டுப் போய்விடும், விரட்டுகிற வேலைகூட இல்லை. வேலையிலிருந்து ஓய்வு கொடுத்தார்கள், மனைவியும் ஓய்வு கொடுத்துவிட்டாள், இப்போது செடியும் கொடுத்தால் மனுசன் என்னதான் செய்வது? ஆகவே பாத்தி கட்டி, காலையும் மாலையும் லாரித் தண்ணீரையே ஊற்றினேன். மத்தியானம் தூக்கம் வராதபோதும் ஊற்றினேன். பக்கத்து வீட்டு சிஹாபுதீன் பாய் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து, "சார், இம்புட்டு தண்ணி ஆகாது. அதுபாட்டுக்கு விட்டுருங்க," என்றார்.

"விட்டுட்டு நான் என்ன செய்ய பாய்?" என்றேன். அவர் உள்ளே போனார். கொஞ்ச நேரம் கழித்து ஒரு தட்டில் இடியாப்பம் வந்தது.

முதலில் இலைகள் மஞ்சளாயின. தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இன்னும் ஊற்றினேன். பிறகு ஒவ்வொன்றாகக் கருகிச் சாய்ந்தன. பேராசிரியரை வரவழைத்தேன். அவர் ஒரு செடியைப் பிடுங்கி, அழுகிய வேரை என்னிடம் காட்டினார். "வெயில்ல சாகாதுன்னுதான் சார் சொன்னேன். தண்ணியில சாகாதுன்னு சொல்லலையே," என்றார். பிறகு போட்டோ எடுத்துக்கொண்டார். அடுத்த கூட்டத்தில் காட்டப்போகிறாராம். வீட்டுப் பெயர்ப்பலகை படத்தில் விழாமல் பார்த்துக்கொள்ளும்படி கேட்டுக்கொண்டேன்.

இப்போது வாசலில் ரோஜாவும் இல்லை, விராலியும் இல்லை. ஈரமண் மட்டும் கிடக்கிறது. அதில் தவளை வந்திருக்கிறது.

ஆகவே நான் உங்களைக் கேட்டுக்கொள்வது என்னவென்றால், நான் வாடிப்பட்டிக்கு வந்து அவளைக் கூப்பிடுவதாக இல்லை என்பதையும், தண்ணீர்ச் சிக்கனம் என்ற கொள்கையில் நான் உறுதியாக இருக்கிறேன் என்பதையும், இங்கே வீடு எந்தக் குறைவும் இல்லாமல் நடக்கிறது என்பதையும், அவளாக வந்தால் எனக்கு ஆட்சேபணை இல்லை என்பதையும், நான் சொன்னதாக இல்லாமல் நீங்களே சொல்வதுபோல் அவளிடம் பக்குவமாக எடுத்துச் சொல்லவும்.

ஜெனிஷாவுக்கு என் ஆசீர். தங்கச்சிக்கு என் விசாரிப்புகள். உங்கள் குடும்பத்தை மாதா காப்பாளாக. என்னையும் கொஞ்சம் பார்த்துக்கொள்ளச் சொல்லி நீங்கள் எல்லோரும் வேண்டிக்கொள்ளவும்.

இப்படிக்கு,
கிறிஸ்துராஜ்

பி.கு.: கையெழுத்துப் போட்டபின் கடிதத்தைப் பிழைபார்ப்பதற்காக ஒருமுறை வாய்விட்டுப் படித்தேன். எழுத்துப்பிழை ஒன்றும் இல்லை. ஆனால் இதில் அவளிடம் சொல்லத்தக்க வரி ஒன்றுகூட இல்லை. எனவே மேற்கண்ட அனைத்தும் ரத்து. இன்று சாயங்காலம் ஆரப்பாளையத்தில் பஸ் ஏறி நானே வாரேன். ஸ்டாம்பு ஒட்டிவிட்டேன், இருந்தாலும் கடிதத்தைக் கையிலேயே கொண்டுவந்து தருகிறேன். தயவுசெய்து என் முன்னால் பிரிக்க வேண்டாம். அவளிடம் என்ன சொல்வதென்று இன்னும் முடிவாகவில்லை. நான் சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தேன் என்று சொல்வேன். அதை மட்டும் யாரும் நம்ப வேண்டாம்.