ஊருக்கெல்லாம் சேர்த்து ஓம் சொல்லுகிறவர்

எங்கள் வாவிக்கரைக்குக் கொக்கும் நாரையும் வருவதைப் பார்க்க வெளியூரிலிருந்து ஆட்கள் வருவார்கள். அதே கரையில், மாரியென்றும் கோடையென்றும் பாராமல் நிரந்தரமாகக் குடியிருக்கிற இன்னோர் இனம் உண்டு. அதைத் தேடி யாரும் வருவதில்லை. வருகிறவர்களை அதுவே தேடிப் போய்விடும். ஊருக்கெல்லாம் சேர்த்து ஓம், அதாவது ஆம், சொல்லுகிறவர் என்பது அந்த இனத்தின் பெயர். நானும் அதில் ஒருவன். ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு இறால் வாங்கி விற்கிற வினாயகமூர்த்தி என்கிற மனிதனைப் பற்றி அவனே எழுதுவதால் கொஞ்சம் கூட்டி எழுதியிருப்பான். பொறுத்துக்கொள்ளுங்கள். இனத்தின் குணம் அது.

இவரை எப்படி அடையாளம் காண்பது? சுலபம். ஊருக்குள் ஒரு வெள்ளை வாகனம் நுழைந்ததும், சாரத்தை அவிழ்த்து நீளக் காற்சட்டை மாட்டி, எதிர்வீட்டில் கதிரை இரவல் கேட்டு, பக்கத்து வளவில் இளநீர் பறிக்கச் சொல்லி, வந்தவர் வாகனத்தால் இறங்குவதற்குள் கைகூப்பியபடி நிற்கிறவர் எவரோ, அவர்தான். கதிரை தூக்குகிறவர் வேறு ஆள். இளநீர் வெட்டுகிறவரும் வேறு ஆள். இவருக்கு வாய் மட்டும்தான் வேலை. “எங்கட சனம் பாவம், அதுகளுக்கு விளங்காது” என்று தொடங்குவார். “நான் விளங்கப்படுத்துறன்” என்று நடுவில் சொல்லுவார். “எல்லாருக்கும் சம்மதம்” என்று முடிப்பார். அந்த எல்லாரும் அந்த நேரத்தில் வாவியில் வலை இழுத்துக்கொண்டிருப்பார்கள்.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது? சண்டைக் காலத்தில், துவக்கோடு வந்த எல்லோருக்கும் ஓம் என்று சொல்லித்தான் எங்கள் ஊர் உயிரோடு இருந்தது. இல்லை என்று சொன்ன சில வீடுகளில் இன்றைக்கும் திவசம் நடக்கிறது. அப்போது ஓம் என்றது பயத்தில். பிறகு சுனாமி வந்தது. கூடாரமும் குடமும் கொண்டுவந்தவர்களுக்கு ஓம் என்றது பசியில். வாவியில் தோணி விடுகிறவர்களுக்கு ஆழ்கடல் படகு தரலாமா என்று கேட்டார்கள், ஓம். மலசலகூடத்தைக் கோயில் வாசலைப் பார்த்தபடி கட்டலாமா; ஓம். ஊரே திரண்டு கத்திய பிறகு, இடிக்கலாமா, அதற்கும் ஓம். பயம் போய்விட்டது, பசியும் ஓரளவு போய்விட்டது. அதற்குப் பிறகும் ஓம் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேனே, அது எதில்? அதற்குப் பெயர் பதவி.

சண்டை முடிந்த மறுவருடம் ஒரு ஆராய்ச்சிக் குழு வந்தது. அவர்களுக்கும் எங்களுக்கும் நடுவில் நின்று பேச அன்ட்றியா என்று ஒரு பிள்ளை. மட்டக்களப்புப் பட்டணத்துப் பறங்கிக் குடும்பம். வீட்டில் போர்த்துக்கீசு, வெளியில் எங்களைவிடத் திருத்தமான தமிழ். அவள் பொறுமையாகச் சொன்னாள்: கடலும் சண்டையும் எல்லோர் மேலும்தான் விழுந்தது, ஆனால் சிலருக்கு மனம் ஆறுகிறது, சிலருக்கு ஆறுவதேயில்லை. அந்த ஆறாமையில் ஒரு பங்கு பரம்பரையாக வருகிறதா என்று பார்க்கப் போகிறார்கள். ஊசி குத்தத் தேவையில்லை. ஒரு சின்னக் குழாயில் துப்பினால் போதும்.

துப்பத்தானே? நான் உடனே ஓம் என்றேன். அவள் சிரித்துவிட்டு, இது மனத்தைப் பற்றிய விசயம், வெளியில் போனால் ஆட்களுக்குப் பாதிப்பு வரலாம், ஆகையால் வீடு வீடாகப் போய் ஒவ்வொருவரிடமும் தனியாகக் கேட்கவேண்டும், விருப்பமில்லாதவர் காரணம் சொல்லாமலே மறுக்கலாம் என்றாள்.

“அன்ட்றியா மிஸ், எங்கட ஊரில அது சரிவராது” என்றேன். “ஒவ்வொரு ஆளாக் கேட்டா, ஒவ்வொரு ஆளும் யோசிக்கத் தொடங்கிருவாங்க.”

“அதுக்குத்தான் ஐயா கேக்கிற” என்றாள் அவள்.

எனக்கு விளங்கவில்லை. விளங்காததை ஒத்துக்கொள்ளும் வழக்கம் என் இனத்துக்கு இல்லை. வெளிநாட்டிலிருந்து வந்த பெரிய டொக்டருக்கோ நேரம் இல்லை. ஆகவே அவர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன், அன்ட்றியாவை இருவரும் பார்க்கவில்லை. மறு ஞாயிறு ஊர் முழுவதும் பல்நோக்குக் கட்டிடத்துக்குத் துப்ப வந்தது.

இனி நான் பண்ணிய கெட்டித்தனத்தைச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் ஒவ்வொருவரும் தாய் வழியில் ஒரு குடியைச் சேர்ந்தவர். கோயிலில் காளாஞ்சி என்கிற பிரசாத மரியாதை கொடுப்பதற்கு முதலாம் குடி, இரண்டாம் குடி, மூன்றாம் குடி என்று ஒரு வரிசை உண்டு. அந்த வரிசை பிசகினால் திருவிழா நின்றுவிடும். கூட்டம் தள்ளுப்படக்கூடாது என்று, அந்த வரிசையிலேயே ஆட்களை விட்டேன். ஒவ்வொரு குடியின் குழாய்களும் ஒவ்வொரு பெட்டிக்குள் போயின. தாய்வழிச் சொந்தங்கள் ஒன்றாக இருப்பது ஆராய்ச்சிக்கு நல்லது என்று டொக்டர் என் தோளில் தட்டினார். முதலில் துப்பும் மரியாதை எங்கள் குடிக்குத்தான். மூன்றாம் குடிக் கோணாமலை அண்ணன், துப்புவதிலும் தன்னைப் பின்னுக்குத் தள்ளிவிட்டதாகக் கோபித்துக்கொண்டு, வெற்றிலை போடக்கூடாது என்று சொல்லியும் போட்டுவந்து, குழாயைச் சிவப்பாக்கிக் கொடுத்துவிட்டுப் போனார்.

காலம் போய், முடிவைச் சொல்ல வந்தார்கள். ஊருக்குத் திரும்பி வந்து சொல்வது நல்ல பழக்கம்தானே? வெள்ளைத் துணியில் படம் விழுந்தது. முதலாவது கூட்டம், இரண்டாவது கூட்டம், மூன்றாவது கூட்டம் என்று தூண்கள். தூண் எவ்வளவு உயரமோ அவ்வளவுக்கு ஆறாத துக்கம். கூட்டத்துக்கு இலக்கம் மட்டும்தான் போட்டிருக்கிறது, எது யாருடைய குடும்பம் என்று தங்களுக்கே தெரியாது, ஆகையால் ஒருவரும் கவலைப்படத் தேவையில்லை என்றார் டொக்டர்.

அவருக்குத் தெரியாது. ஊருக்குத் தெரியும். மூன்றாவது தூண் தென்னை மாதிரி எழும்பி நின்றது. மண்டபத்தில் இருந்த அத்தனை கழுத்தும் மூன்றாம் குடி இருந்த பக்கம் திரும்பியது. அன்ட்றியா திரும்பின கழுத்துகளைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். அந்தக் குடியின் வீடுகள் வாவிக்கு மறுபக்கம், கடற்கரை ஓரத்தில் இருந்தவை, அலை அங்கேதான் ஆட்களை அள்ளியது, ஆகவே இது இரத்தமா இழப்பா என்று இந்தப் படத்தை வைத்துச் சொல்ல முடியாது என்று எழும்பி நின்று சொன்னாள். அவள் சொல்லி முடிக்க முன்னர் ஊர் முடிவெடுத்திருந்தது. எங்கள் குடித் தூண்தான் எல்லாவற்றிலும் கட்டை. பெருமையோடு வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். என் மனிசி மீன் வெட்டிக்கொண்டே, “கல்லுத் துப்பினாலும் அப்பிடித்தான் வரும்” என்றாள்.

செய்தி என் இறால் பெட்டிக்கு முன்னரே ஆரையம்பதிக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கே புஸ்பம் என்கிறவரின் மகன் நிலோஜனுக்கு எங்கள் ஊர்க் கண்ணகையின் மகள் கேதீஸ்வரியைப் பேசி முடித்திருந்தார்கள். கேதீஸ்வரி பாலர் பள்ளியில் படிப்பிக்கிறவள். மூன்றாம் குடி. தம்பியைக் கடல் கொண்டுபோனதிலிருந்து கடற்கரைப் பக்கம் போகாதவள். எங்கள் வழக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டில் போய் இருப்பது. பிள்ளைகளும் தாயின் குடிக்குத்தான் சேரும். புஸ்பம் கலியாணத்தைத் தள்ளிப்போட்டார்.

கண்ணகை என்னிடம் வந்தாள். திட்டுவாள் என்று பார்த்தேன். திட்டவில்லை. “நீங்கதானே அண்ணே எங்களுக்காக ஓம் எண்டு சொன்ன? இப்ப நீங்களே புஸ்பத்திட்டப் போய், அப்பிடி இல்ல எண்டும் சொல்லிட்டு வாங்க” என்றாள். அவ்வளவுதான்.

போனேன். தனியாகப் போகத் துணிவில்லாமல் அன்ட்றியாவையும் கூட்டிக்கொண்டு போனேன். புஸ்பம் தேத்தண்ணி தந்து மரியாதையாகத்தான் பேசினார்.

“புள்ளையில ஒரு குறையும் இல்ல அண்ணே. ஆனா நாளைக்கிப் பேரப்புள்ளையள் தாயோடதானே சேரும். கடலக் கண்டா நடுங்கிற புள்ளையள வெச்சிக்கொண்டு என்ட மகன் என்ன செய்யிற?”

நான் தொண்டையைச் செருமி, எங்கட சனம் பாவம் என்று தொடங்கினேன். அன்ட்றியா என் கையில் தட்டி நிறுத்திவிட்டு, சுனாமியில் உங்கள் வீட்டில் யாரும் போனார்களா அம்மா என்று கேட்டாள். இல்லை என்றார் புஸ்பம். போயிருந்தால் உங்கள் தூண் எவ்வளவு உயரம் வந்திருக்கும் என்று கேட்டாள். புஸ்பம் என் கோப்பையை எடுத்துத் திரும்பவும் தேத்தண்ணி ஊற்றினார். உள்ளேயிருந்து நிலோஜன் வந்து, கட்டினால் அந்தப் பிள்ளையைத்தான் கட்டுவேன் என்று தாய்க்குச் சொல்லிவிட்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான். பிறகு புஸ்பத்தின் மனம் மாறியது மகனாலா அன்ட்றியாவாலா என்று எனக்குத் தெரியாது. என்னால்தான் என்று ஊரில் சொல்லிக்கொண்டேன்.

அடுத்த நல்ல நாளில் புஸ்பம் ஆட்களோடு தட்டமும் பழமுமாகக் கண்ணகை வீட்டுக்கு வந்தார். நடுக் கதிரையில் யார் இருந்திருப்பார் என்று நினைக்கிறீர்கள்? நீளக் காற்சட்டையோடு நான்தான். புஸ்பம், நடந்ததை மறந்துவிடுவோம், எங்களுக்குச் சம்மதம் என்றார். நான் கையை உயர்த்தி, “புள்ளைக்கும் சம்மதம்” என்றேன். கண்ணகை கண்ணைத் துடைத்தாள்.

கேதீஸ்வரி குசினி வாசலில் நின்றாள். “என்னட்ட ஆரும் கேக்கல்லையே மாமா” என்றாள்.

சத்தம் போட்டுச் சொல்லவில்லை. பாலர் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லுகிற மாதிரித்தான் சொன்னாள்.

“துப்பச் சொன்ன நேரமும் நீங்கதான் ஓம் எண்டீங்க. மூணாங் குடி பயந்த குடி எண்டு ஊரெல்லாம் கதைச்ச நேரமும் என்னட்ட ஒராளும் கேக்கல்ல. கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பன். தம்பிட கை என்ட கையிக்குள்ளால நழுவின. நான் அழுறனான்தான். அத அறிய என்னத்துக்குக் குழாய்?” பிறகு புஸ்பத்தின் பக்கம் திரும்பினாள். “மாமி, நீங்க ரெண்டு தரம் யோசிச்சிட்டு வந்திரிக்கீங்க. நானும் ஒருதரம் யோசிக்கிறன்.”

தட்டம் தட்டமாகவே திரும்பிப் போனது. போகும்போது புஸ்பம் அவள் தலையைத் தடவிவிட்டுத்தான் போனார். நான் நடுக் கதிரையில் தனியாக இருந்தேன். கதிரை எதிர்வீட்டுக் கதிரை. அதையும் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்கள்.

பிறகு அவள் அன்ட்றியாவிடம் தன் குழாயை எடுத்துவிடச் சொன்னாள். அன்ட்றியா ஏன் என்று கேட்கவேயில்லை, எடுத்து அழித்துவிட்டு வந்து சொன்னாள். ஊரார் கண்ணில் பட்ட படத்தை அழிக்கத் தன்னால் முடியாது என்றும் சொன்னாள். மற்றவர்களிடம் இப்போது வீடு வீடாகப் போய்க் கேட்கிறாள். சிலர் ஓம் என்கிறார்கள். சிலர் இல்லை என்கிறார்கள். கோணாமலை அண்ணன் யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார். அவர் யோசித்து நான் பார்த்ததேயில்லை. அவள் வருகிற நாட்களில் என்னை வீட்டுக்குள் இருக்கச் சொல்லியிருக்கிறாள். நான் வேலிக்குள்ளால் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

நிலோஜன் ஞாயிறு தோறும் சைக்கிளில் வந்து கண்ணகை வீட்டு வேலிப் படலையில் நிற்கிறான். கேதீஸ்வரி தேத்தண்ணி கொண்டுவந்து கொடுக்கிறாள். அந்தப் பக்கம் ஒரு ஆள், இந்தப் பக்கம் ஒரு ஆள், நடுவில் படலை. என்னவோ கதைக்கிறார்கள், சில நேரம் அவள் சிரிக்கிறாள். இன்னும் பதில் சொல்லவில்லை. என்ன முடிவாம் என்று ஊரார் என்னிடம்தான் வந்து கேட்கிறார்கள். தெரியாது என்று சொல்லப் பழகுகிறேன். பல்லில் கல் கடிபடுகிற மாதிரி இருக்கிறது.

இவ்வளவு தூரம் என் இனத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு வந்த வாசகரே, நீங்கள் காற்சட்டை மாட்டிக்கொண்டு எந்த வாகனத்துக்கும் ஓடாதவராக இருக்கலாம். படித்தவராகவும் இருக்கலாம். ஆனால் பெடியன் நல்லவன், புஸ்பமும் இறங்கி வந்துவிட்டார், அந்தப் பிள்ளை இனி ஓம் என்று சொன்னால் என்ன என்று, நான் படலையைப் பற்றி எழுதும்போதே உங்கள் தலை மெல்ல ஆடியதே, நான் பார்க்கவில்லையா?

கேதீஸ்வரி உங்களிடம் கேட்டாளா?