ஒப்பந்தத்தில் மூன்றாவது கையெழுத்து

சேசு மரி சூசை துணை

மத்திகிரி,
18-2-1968

அன்புள்ள தம்பி சகாயநாதனுக்கு அக்காள் அன்னமேரி எழுதுவது. நான் நலம். நீயும் உன் மனைவி மக்களும் நலமா என்று கேட்பது முறை, கேட்டுவிட்டேன். இனி விஷயம்.

உன் கம்பெனி தான்சானியா அரசாங்கத்தோடு கூட்டுச் சேர்ந்து அங்கே தண்ணீர்ப் பம்பு செய்யும் தொழிற்சாலை தொடங்குகிறது, நல்லது. நிலமும் கட்டடமும் அவர்கள் கொடுப்பார்கள், இயந்திரமும் ஆளும் கம்பெனி கொடுக்கும் என்று நீ அனுப்பிய தாளில் படித்தேன். 'ஏழு லேத், இரண்டு உலை, ஒரு ஃபோர்மேன்' என்று ஒரே வரியில் போட்டிருக்கிறீர்கள். அந்த ஃபோர்மேன் என் மகன் அருள்ஜோசப். லேத்தைக் கம்பெனி வாங்கியது, சரி. இவனையும் கம்பெனியா பெற்றது? அவன் அப்பாவை அடக்கம் செய்து இரண்டு வருஷம் ஆகவில்லை. ஒரே பிள்ளையை ஐந்து வருஷம் கடல் தாண்டி அனுப்பக் கம்பெனி கேட்ட சம்மதக் கடிதம் தர முடியாது என்று எழுதினேன்.

அதற்கு நீ என்ன பண்ணினாய்? ஒப்பந்தம் பேச பெங்களூர் வந்த தான்சானியா அதிகாரி திரு. எலியாஸை ஜீப்பில் ஏற்றி என் வீட்டுக்குச் சாப்பிட அனுப்பிவிட்டாய். கான்வென்டில் படித்தவள் வீட்டில் மரியாதை குறையக் கூடாதே என்று கட்லெட் செய்து, முள்கரண்டியெல்லாம் சாம்பல் போட்டு விளக்கி, சமையல்கார முனிலட்சுமியின் கேழ்வரகுக் களிச் சட்டியைக் கொல்லைப்பக்கம் ஒளித்தேன். அவள் சும்மா இருந்தாளா? "ஆறடி ஆளும்மா அவரு. உங்க கட்லெட்டு பல்லு இடுக்குக்கே பத்தாது" என்று அவர் எதிரிலேயே சொன்னாள். கரண்டி பிடிக்கும் முறையை அவருக்கு நான் காட்டப் போக, என் கட்லெட் துள்ளி ஒப்பந்தக் கோப்பின் மேல் விழுந்தது. அவரோ என்னைவிட நன்றாகப் பிடித்தார். ஆங்கிலமும் என்னுடையதைவிடச் சுத்தம். இதை வெளியே சொல்லாதே.

பிறகு கொல்லையில் முனிலட்சுமி சாப்பிடுவதைப் பார்த்தார். எழுந்து போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, களியைக் கையில் உருட்டி, கட்டைவிரலால் குழி செய்து குழம்பை அள்ளினார். தன் தாயார் மக்காச்சோள மாவில் இதையேதான் கிண்டுவாராம். முனிலட்சுமி கத்தினாள்: "ஐயோ, களியப் போயி மெல்றாரும்மா! முழுங்கச் சொல்லுங்க!" மூவரும் சிரித்தோம். அருளின் அப்பா போனபின் இந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு.

தாயாருடன் யார் இருக்கிறார்கள் என்று கேட்டேன். யாருமில்லை, அவரும் ஒரே பிள்ளைதானாம். அந்த அம்மாள் தினமும் இரண்டு மைல் நடந்து குடத்தில் தண்ணீர் கொண்டு வருகிறாராம். "என்னை வேலைக்கு அனுப்பும்போது அவரிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை, மேடம்" என்றார். எனக்கு அப்போது சிரிப்பு வரவில்லை.

ஆனாலும் என் பதில் அதுவேதான். ஞாயிறுதோறும் சுவர்க்கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பவன் அருள். எனக்கு எட்டாது. பயண ஊசி போட்டுக்கொள்ள உன் வீட்டுக்கு வந்தவனைத் திருப்பி அனுப்பு. பட்டியலில் அவன் பெயரை அடித்துவிடு.

உன் பிள்ளைகளுக்கு என் ஆசீர்வாதம். தினமும் செபமாலை சொல்கிறார்களா என்று எழுது.

இப்படிக்கு,
அன்னமேரி

பின்குறிப்பு: சம்மதக் கடிதம் இத்துடன் இருக்கிறது. அரசாங்கம் நிலம் கொடுத்தது, கம்பெனி லேத் கொடுத்தது, நான் பிள்ளையைக் கொடுக்கிறேன். ஆகவே ஒப்பந்தத்தில் மூன்றாவதாக என் கையெழுத்தும் இருக்க வேண்டும். முதல் பம்பு திரு. எலியாஸின் தாயார் வாசலில் நிற்க வேண்டும் என்றும் எழுதிக்கொள். அருளின் பெட்டிக்குக் கேழ்வரகு மாவு அனுப்புகிறேன், பாதி அந்த அம்மாளுக்கு. கடிகாரம் இன்று காலை நின்றுவிட்டது. அவனிடம் சொல்லாதே.