ஜெபத்தில் ஒரு கண்ணை மூடும் கிளி

கர்த்தருக்குள் பிரியமான சம்பந்தி ஆபேல் அவர்களுக்கு,

சேலையூரிலிருந்து வேதசிரோமணி ஸ்தோத்திரத்துடன் எழுதிக்கொள்வது. தேவ கிருபையால் நானும் பியூலாவும் சுகம். கோயம்புத்தூரில் தாங்களும், மாப்பிள்ளை ஷெர்வினும், என் மகள் பிளஸ்ஸியும், பேரனும் சுகமாயிருக்க ஜெபிக்கிறோம். பீர்க்கன்கரணை வீட்டைக் காலி செய்தபோது தாங்கள் எங்களிடம் ஒப்படைத்துவிட்டுப் போன கிளி யோனாவுக்குத்தான் சுகமில்லை. போனிலேயே சொல்லியிருப்பேன். போனை எடுத்தாலே பியூலா பக்கத்தில் வந்து நின்று, "சம்பந்திகிட்ட ஏதாவது உளறி வைக்காதீங்க" என்கிறாள். அதனால்தான் கடிதம்.

யோனா வந்த அன்று ராத்திரியே குடும்ப ஜெபத்தில் தலையைச் சாய்த்து இடது கண்ணை மூடிக்கொண்டது. எங்களுக்கு மெய்சிலிர்த்துப் போயிற்று, சம்பந்தி வீட்டு வளர்ப்பு என்றால் சும்மாவா என்று நானே வாய்விட்டுச் சொன்னேன். வெள்ளிக்கிழமை வீட்டு ஜெபக் கூட்டத்துக்கு வந்த டெபோரா அக்கா அதைப் பார்த்துக் கண்கலங்கி, ஞாயிற்றுக்கிழமை சபையில் எழுந்து சாட்சியே சொல்லிவிட்டார். அப்புறம் என்ன, கேம்ப் ரோட்டில் இருக்கிற சபையார் எல்லாம் வரிசையாக வர, பியூலா காபி போட்டே ஓய்ந்துபோனாள். எல்லாரும் ஜெப நேரத்திலேயே கிளியைப் பார்த்ததால், அது மற்ற நேரத்திலும் அந்தக் கண்ணைத் திறக்கவில்லை என்பதை ஒருவரும் கவனிக்கவில்லை. ஒரு நாள் காலையில் கூண்டைத் துடைத்துக்கொண்டிருந்த பியூலாதான், "ஏங்க, இது பக்தி மாதிரி தெரியல, கண்ணு வீங்கியிருக்கு" என்றாள்.

பதறிப்போய் ஆட்டோ பிடித்தோம். கூண்டைப் போர்வையால் மூடியிருந்தோம். தாம்பரம் பாலத்து நெரிசலில் போர்வைக்குள்ளிருந்து தங்கள் குரலிலேயே "ஸ்தோத்திரம், காபி குடிச்சாச்சா?" என்று சத்தம் வர, ஆட்டோ ஓட்டிய பூவராகன் பிரேக்கை மிதித்துவிட்டார். "இன்னா சார், உள்ள யாரு கீறாங்க?" என்றார். சம்பந்தி என்று சொல்ல வந்தேன், பியூலா முறைத்தாள்.

பறவை டாக்டர் ஸ்ரீவித்யா கண்ணைப் பார்த்துவிட்டு, "சார், வைட்டமின் ஏ கம்மியா இருக்கு. வெறும் சூரியகாந்தி விதை மட்டுமா குடுத்து வளர்த்தீங்க? எந்தப் புண்ணியவான் இந்த ஐடியா குடுத்தாரு?" என்று கேட்டார். தாங்கள் விதை மூட்டையை ஆட்டோவில் ஏற்றி, வேறு எதுவும் கொடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனது என் நாக்கு நுனி வரை வந்தது. சம்பந்தியை மூன்றாம் மனுஷர் முன்னால் விட்டுக்கொடுப்பதா? "நான்தான் டாக்டர்" என்றேன். அந்த அம்மா என்னைப் பேசிய பேச்சு இருக்கிறதே, என் ஆயுசில் யாரும் அப்படிப் பேசியதில்லை. தங்களைக் குறை சொல்வதாக எண்ண வேண்டாம்.

கண்ணுக்குச் சொட்டு மருந்து. விதையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து கேரட், வேகவைத்த சர்க்கரைவள்ளிக்கிழங்கு, கீரை பழக்க வேண்டுமாம். யோனா அவர்களோ கேரட்டைத் தூக்கி என் மூக்குக் கண்ணாடி மேலேயே எறிகிறார். "நீங்க அது முன்னாடி உட்கார்ந்து சாப்பிடுங்க சார், பார்த்துப் பார்த்துத் தானா சாப்பிடும்" என்றார் டாக்டர். ஆக, உப்பில்லை, காரமில்லை, மிக்சர் இல்லை, வடை இல்லை. மூன்று வேளையும் நான் கூண்டு முன்னால் உட்கார்ந்து கேரட் மென்றுகொண்டிருக்கிறேன். அது ஒற்றைக் கண்ணால் என்னை வேடிக்கை பார்க்கிறது. மருந்து விடும்போது என் கட்டை விரலைக் கடித்துவிட்டு, தானே "ஆமென்" என்கிறது.

கடியெல்லாம் போகட்டும் சம்பந்தி. பயமாக இருக்கிறது. கவனிக்காமல் விட்டால் பார்வையே போகலாம் என்று டாக்டர் சொன்னதிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை. தாங்கள் நம்பிக் கொடுத்த ஜீவன் என் கையில் குருடாகக் கூடாது. எனக்கு அந்தத் தெம்பு இல்லை. எனவே தயவுசெய்து தாங்களே வந்து யோனாவை அழைத்துச் செல்லுங்கள். பேரனுக்கு இன்னும் இறகு ஒத்துக்கொள்ளாது என்றால் வேறு நல்ல வீடு பாருங்கள். இது என் முடிவான முடிவு.

மாப்பிள்ளைக்கும் பிளஸ்ஸிக்கும் எங்கள் ஆசீர்வாதங்கள், பேரனுக்கு முத்தங்கள். கர்த்தர் தங்கள் போக்கையும் வரத்தையும் காப்பாராக.

இப்படிக்கு,
வேதசிரோமணி

பின்குறிப்பு: ஒட்டியும் தபாலில் போடாமல் நாள் கடத்திய கவரைப் பிரித்து இதை எழுதுகிறேன். வர வேண்டாம். மேலே உள்ளதைப் படித்ததுமே டிக்கெட் எடுத்திருந்தால் கேன்சல் செய்துவிடுங்கள். இன்று காலை என் தட்டிலிருந்த கேரட்டை அதுவாகவே பிடுங்கித் தின்றது. வீக்கம் வடிந்து கண் முழுசாகத் திறந்துவிட்டது, நல்ல பார்வை என்கிறார் டாக்டர். பியூலா முன்னாலேயே அழுதுவிட்டேன். இனி யோனா எங்கள் வீட்டுப் பிள்ளை, சம்பந்தி கேட்டாலும் தரமாட்டேன். டெபோரா அக்காதான் "ஐயோ, கிளி விசுவாசத்தை விட்டுப் பின்மாற்றத்துல போயிடுச்சே" என்று உபவாச ஜெபம் வைக்கப் போகிறாராம். உண்மைதான், இப்போதெல்லாம் ஜெபம் ஆரம்பித்து முடிகிறவரை இரண்டு கண்ணையும் அகல விரித்து என்னையே பார்க்கிறது. "அது உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று பியூலா கேட்டாள். நான் பதில் சொல்வதற்குள் யோனா "ஆமென்" என்றுவிட்டது.